லோட் பண்ணின சிரிஞ்ச கையில குடுத்து "போட்டுட்டு வா"ன்னு சொன்னா ஸ்டூடன்ட் என்ன பண்ணணும்?

4 ஜூலை 2024, இரவு 9:12 | கேள்வி கேட்டவர்: மூணாம் வருஷம் பி.எஸ்சி. நர்சிங்

அக்கா, டென் ரைட்ஸ், அதான் மருந்து குடுக்கும்போது சரியான பேஷண்ட், சரியான மருந்து, சரியான அளவுன்னு பாக்க வேண்டிய பத்து விஷயம், அதை என்னைய தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன். வைவால அதைத்தான் கேட்டாங்க, கடகடன்னு சொல்லிட்டேன். ஆனா வார்டுல நடக்கறது வேற. காலைல 10 மணி டோஸ், நாப்பது பேஷண்ட், ரெண்டு ஸ்டாஃப். சீனியர் சிஸ்டர் ட்ரேல சிரிஞ்ச வரிசையா லோட் பண்ணி வச்சுட்டு "இது 12, இது 15, இது 17, போட்டுட்டு வா"ங்கறாங்க. எந்த சிரிஞ்ச்லயும் பேர் கிடையாது. என்ன மருந்துன்னு கேட்டா "சொன்னத செய்"ங்கறாங்க. இதுல டென் ரைட்ஸ எங்க வச்சு பாக்கறது?

4 ஜூலை, இரவு 10:05

போடாத. முதல்ல அது, மத்ததெல்லாம் அப்பறம்.

காரணம் என்னன்னா அந்த ட்ரேல இருக்கற எல்லாமே பாக்க தண்ணி மாதிரிதான் இருக்கும். ஆன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், ஃப்யூரோசிமைட், டிஸ்டில்டு வாட்டர், பொட்டாசியம் குளோரைடு, எதை சிரிஞ்ச்ல உறிஞ்சினாலும் நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சிரிஞ்ச பாத்து மருந்து இன்னதுன்னு சொல்ல உலகத்துல ஒருத்தராலயும் முடியாது. சிஸ்டர் சரியாத்தான் லோட் பண்ணியிருப்பாங்க, அவங்க கை மேல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நீ அங்கேருந்து பதினஞ்சாம் பெட்டுக்கு நடந்து போற வழியில ரெண்டு சிரிஞ்ச் இடம் மாறினா அதை யார் கண்டுபிடிக்கறது?

"முடியாது"ன்னு சொன்னா சண்டை வரும், அதனால அப்படி சொல்லாத. "சிஸ்டர், ஆம்பியூலையும் (உடைச்சு உறிஞ்சற சின்ன மருந்து குப்பி) கேஸ் ஷீட்டையும் குடுங்க, நானே லோட் பண்றேன், நீங்க ஒருதரம் பாத்து ஓகே சொல்லுங்க"ன்னு கேளு. வேலையை தட்டி கழிக்கல, கூட எடுத்துக்கறன்னு அவங்களுக்கு தெரியும். பாதிப்பேர் இதுக்கு ஒத்துக்குவாங்க. ஒத்துக்கலன்னா நேரா உங்க கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட போ. ஸ்டூடன்ட் தனியா ஊசி போடறதே கூடாது, பக்கத்துல ரிஜிஸ்டர்டு நர்ஸ் ஒருத்தர் நிக்கணும். நின்னு பாக்க ஆள் இல்லன்னா அன்னைக்கு நீ டெம்பரேச்சர், பிபி பாரு, தப்பே இல்ல.

4 ஜூலை, இரவு 10:31

ஒண்ணு விட்டுப்போச்சு. லோட் பண்ணின உடனே சிரிஞ்ச்ல பிளாஸ்டர் ஒட்டி எழுது: மருந்து பேர், எவ்வளவு எம்ஜி, எத்தனை எம்எல்ல கலந்தது, பேஷண்ட் பேர், நேரம். பிளாஸ்டர அளவுக்கோட்டுக்கு மேல ஒட்டாத, எம்எல் தெரியாம போயிரும். ஆம்பியூல உடைச்சு, உறிஞ்சி, அந்த இடத்துலயே உடனே போடறதுன்னா மட்டும் லேபிள் வேண்டாம். கையை விட்டு ஒரு நொடி கீழ வைக்கறன்னாலும் லேபிள் வேணும். லேபிள் இல்லாம கிடக்கற சிரிஞ்ச் யாருதுன்னு விசாரிச்சுட்டு நிக்காத, எடுத்து கொட்டிரு. ஒரு ஆம்பியூல் போனா போகுது.

5 ஜூலை, காலை 6:50

நைட் டூட்டி முடிச்சு வந்து எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

ரைட் பேஷண்ட்னு நாம ஒப்பிக்கறதுலதான் நம்ம ஊர் வார்டுல அதிகமா சறுக்குது. புத்தகத்துல ரிஸ்ட் பேண்டை பாருன்னு இருக்கும். பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரில ரிஸ்ட் பேண்ட் எல்லாருக்கும் இருக்காது, பெட் நம்பர்தான் பேர் மாதிரி ஓடும். பெட் நம்பர் ஆளோட அடையாளமே இல்ல, அது கட்டிலோட அடையாளம். ஃபேனுக்கு கீழ படுக்கணும்னு ரெண்டு பேர் அவங்களுக்குள்ள பேசி கட்டில மாத்திக்குவாங்க, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. அட்மிஷன் ஜாஸ்தியா இருக்கற நாள்ல ரெண்டு கட்டிலுக்கு நடுவுல பாய் போட்டு ஒரு பேஷண்ட் இருப்பாங்க, அவங்களுக்கு நம்பரே கிடையாது, "பதினாலு பக்கத்துல தரை"தான்.

ஃபீமேல் மெடிக்கல் வார்டுல ஒருநாள் காலை டோஸ் நேரம். ஒரு கட்டில்ல போர்வை போத்தி ஒரு அம்மா படுத்திருக்காங்க, ஒரு ஸ்டூடன்ட் கிட்னி ட்ரேயோட போய் "முருகேஸ்வரியாம்மா?"ன்னு கேக்குது, அவங்க "ம்ம்"னு கையை நீட்டறாங்க. கையில வென்ஃப்ளான் (மருந்து ஏத்த நரம்புல போட்டு வைக்கற குழாய் ஊசி) இல்ல. அந்த பொண்ணு "லைன் போயிருச்சு போல"ன்னு புது ஊசி குத்த கையில கட்டற டார்னிக்கே எடுக்கப் போயிருச்சு. நான் எதிர் கட்டில்ல பாட்டில் மாத்திட்டு இருந்தவ சும்மா இருக்க முடியாம "அம்மா உங்க பேர் என்ன?"ன்னேன். வேற பேர் சொன்னாங்க. முருகேஸ்வரியோட அக்கா. தங்கச்சி பாத்ரூம் போயிருக்கு, ராத்திரி பூரா கண்ணு முழிச்ச அசதியில இவங்க அதே கட்டில்ல சாஞ்சுட்டாங்க. "அப்பறம் ஏம்மா ம்ம்னு சொன்னீங்க?"ன்னா, "பேர் சொல்லி கூப்பிட்டீங்க, அவளுக்கு ஏதோ குடுக்கறீங்கன்னு நெனச்சு கையை நீட்டினேன் தாயி"ங்கறாங்க.

அதனால "நீங்கதான முருகேஸ்வரி?"ன்னு கேக்கவே கூடாது. காய்ச்சல்ல கெடக்கறவங்க, காது மந்தமானவங்க, பயந்து போனவங்க, டாக்டர் நர்ஸுக்கு மறுவார்த்தை பேசக்கூடாதுன்னு நினைக்கறவங்க, எல்லாருமே "ம்ம்"தான் சொல்லுவாங்க. "உங்க பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர் என்ன?"ன்னு அவங்க வாயாலயே சொல்ல வை, அதை ஐபி நம்பரோட (அட்மிஷன் நம்பர்) கேஸ் ஷீட்ல ஒத்துப்பாரு. நம்ம ஊர்ல ஒரே வார்டுல மூணு லட்சுமி இருப்பாங்க, இனிஷியலும் ஒண்ணாவே இருக்கும், அப்போ வயசையும் ஊரையும் சேத்து கேளு. பேச முடியாதவங்கன்னா கூட இருக்கறவங்கள சொல்ல வை. கூடவும் யாரும் இல்லன்னா அந்த பேஷண்ட அட்மிஷன்லேருந்து பாத்துட்டு வர்ற ஸ்டாஃபை கூப்பிட்டு கேளு.

5 ஜூலை, மாலை 5:20

பிரைவேட் ஐசியூல வேலை பாக்கற ஒரு தம்பி கீழ கேட்டிருக்கார், "இதெல்லாம் நேரம் இருக்கறவங்களுக்கு, எங்களுக்கு ஆள் பத்தாது, இதுல ஒவ்வொருத்தர்கிட்டயும் வீட்டுக்காரர் பேர் கேட்டுட்டு இருந்தா மதியம் ஆயிரும்"னு.

ஆள் பத்தாதுங்கறது நூத்துக்கு நூறு உண்மை, அதை நானும் யூனியன் மீட்டிங்ல கத்திட்டுத்தான் இருக்கேன். அதுக்காக பேர் கேக்கற அந்த அஞ்சு நொடியில போய் நேரத்த மிச்சம் பிடிக்கறத என்னால ஒத்துக்க முடியாது. நேரம் எங்க போகுதுன்னு ஒருநாள் நின்னு கவனிங்க தம்பி. லோட் பண்ணிட்டு இருக்கும்போது "சிஸ்டர் பாட்டில் முடிஞ்சுருச்சு", "சிஸ்டர் டிஸ்சார்ஜ் சீட்டு", "சிஸ்டர் ஸ்கேன் எங்க எடுக்கணும்", ஃபோன், ரவுண்ட்ஸ். ஒவ்வொரு தடவையும் திரும்பி பதில் சொல்லிட்டு திரும்ப வந்து எதுல விட்டோம்னு தேடறோம், அதுலதான் நேரமும் போகுது தப்பும் நடக்குது. எங்க வார்டுல நாங்க பண்ணினது, டோஸ் நேரத்துல ஒரு ஸ்டாஃப் ட்ராலி பக்கத்துலேருந்து நகரக்கூடாது, யாரும் அவங்கள கூப்பிடக்கூடாது, மத்த எல்லா கேள்விக்கும் இன்னொருத்தர் பதில் சொல்லணும். ரெண்டே ஸ்டாஃப் இருக்கற வார்டுலயும் இது முடியுது.

நடுவுல விட்டுட்டு போக வேண்டி வந்தா, பாதியில நின்ன மருந்த அங்கேருந்து தொடராத. முதல்லேருந்து பாரு.

5 ஜூலை, இரவு 8:02

மூணு செக் என்னென்னன்னு கேட்டவங்களுக்கு: அலமாரிலேருந்து எடுக்கும்போது ஒண்ணு, உறிஞ்சறதுக்கு முன்னாடி ஒண்ணு, பேஷண்ட் பக்கத்துல நின்னு குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. மூணு தடவையும் லேபிள படிக்கணும், ஆம்பியூல் கலரையோ டப்பா ஷேப்பையோ பாத்து எடுக்கறது செக்குல சேராது. எக்ஸ்பயரி தேதியும் அப்பவே பாக்கணும்.

7 ஜூலை, மதியம் 2:40

லேபிள படின்னு மொட்டையா சொல்லிட்டேன், எதை படிக்கணும்னு சொல்லல. பேர மட்டும் படிச்சா பத்தாது. வலு, அதாவது ஒரு எம்எல்ல எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். ரெண்டு மருந்த வச்சு சொல்றேன், ரெண்டும் நீங்க தினம் தொடறது.

ஹெப்பாரின். நம்மகிட்ட 5 எம்எல் வயல் (ரப்பர் மூடி போட்ட மருந்து பாட்டில்) ரெண்டு விதமா வருது. ஒண்ணுல 5 எம்எல்லுக்கு 5000 யூனிட், இன்னொண்ணுல 5 எம்எல்லுக்கு 25000 யூனிட். ரெண்டு வயலும் ஒரே உசரம். முதல்ல சொன்னதுல ஒரு எம்எல்லுக்கு 1000, ரெண்டாவதுல ஒரு எம்எல்லுக்கு 5000. லேபிள்ல 5000ங்கற நம்பர் ரெண்டுலயும் எங்கயாச்சும் தென்படும், ஒண்ணுல அது மொத்த வயலோட கணக்கு, இன்னொண்ணுல ஒரு எம்எல்லோட கணக்கு. வழக்கமா 1000 வயல் வர்ற வார்டுல ஒருநாள் ஸ்டோர்லேருந்து மத்தது வந்து, கை பழக்கத்துல அதே எம்எல்ல உறிஞ்சினா அஞ்சு மடங்கு போயிரும். ரத்தம் உறையாம இருக்கறதுக்கான மருந்து, அஞ்சு மடங்கு போனா என்ன ஆகும்னு நானே சொல்ல வேண்டியதில்ல.

அமிகாசின். 100 எம்ஜி, 250 எம்ஜி, 500 எம்ஜி, மூணுமே 2 எம்எல் வயலா வரும். 6 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 எம்ஜின்னா 90 எம்ஜி. 100 வயல்ல 1.8 எம்எல். ஆனா கையில இருக்கறது 500 வயல்னா 0.36 எம்எல்தான். அதே 1.8ஐ அதுலேருந்து எடுத்தா 450 எம்ஜி போயிரும். அது கிட்னியையும் காதையும் அடிக்கற மருந்து. அதனாலதான் பீடியாட்ரிக் வார்டுல "1.8 எம்எல் போடு"ன்னு எம்எல்ல பேசறத நான் விடறதே இல்ல. எம்ஜில சொல்லு, வயல கையில வச்சுகிட்டு எம்எல்ல நீ கணக்கு போடு, இன்னொருத்தர் தனியா கணக்கு போடட்டும், ரெண்டும் ஒத்துவந்தா உறிஞ்சு. "அக்கா 1.8 சரிதானே?"ன்னு விடையை சொல்லிட்டு கேட்டா யாரும் சரின்னுதான் சொல்லுவாங்க, அது டபுள் செக் ஆகாது.

7 ஜூலை, மாலை 6:15

ஒரு தாய் கேட்டிருக்காங்க, நர்ஸ் இல்ல, ஆனா கேள்வி இங்க பொருந்துது. குழந்தைக்கு காய்ச்சல் மருந்து சொட்டு மருந்தா ஒண்ணு, சிரப்பா ஒண்ணு வீட்ல இருக்கு, ரெண்டும் ஒண்ணுதானான்னு.

மருந்து ஒண்ணு, வலு வேற. பாராசிட்டமால் டிராப்ஸ் ஒரு எம்எல்லுக்கு 100 எம்ஜி. சிரப் 5 எம்எல்லுக்கு 120ம் இருக்கு, 250ம் இருக்கு. 8 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 எம்ஜி வீதம் 120 எம்ஜின்னு வைங்க, டிராப்ஸ்ல 1.2 எம்எல், 120 சிரப்ல 5 எம்எல், 250 சிரப்ல 2.4 எம்எல். டிராப்ஸ எடுத்து அதே 5 எம்எல் குடுத்தா 500 எம்ஜி. உங்க குழந்தையோட அளவ டாக்டர் சொல்லட்டும், பாட்டில மாத்தி வாங்கினா திரும்ப கேளுங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு இதை அம்மாக்கள்கிட்ட சொல்லி, அந்த பாட்டில்ல இருக்கற மூடியிலயே அளந்து காட்ட சொல்லணும் ஸ்டூடன்ட்ஸ். ரைட் எஜுகேஷன்னு எழுதறீங்களே, அது இதுதான்.

10 ஜூலை, இரவு 11:30

எல்லாரும் இன்சுலின் கேக்கறீங்க.

நம்ம நாட்டுல வயல்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் 40 யூனிட், அதாவது ஒரு எம்எல்லுக்கு 40. பேனாவுக்கு வர்ற கார்ட்ரிட்ஜ் 100. சிரிஞ்சும் ரெண்டு, 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மருந்துக்கு ஏத்த சிரிஞ்ச், அவ்வளவுதான் சட்டம். மாத்திட்டா பாருங்க: 100 இன்சுலின சிவப்பு சிரிஞ்ச்ல 10ன்னு கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 25 யூனிட். 40 இன்சுலின ஆரஞ்சு சிரிஞ்ச்ல 10 கோடு வரைக்கும் இழுத்தா போறது 4 யூனிட். முதல்லதுல சுகர் இறங்கி மயக்கம், ரெண்டாவதுல சுகர் இறங்கவே இறங்காம டாக்டர் டோஸ ஏத்திகிட்டே போவார். வெளிய பேனா போட்டுட்டு இருந்தவங்க அட்மிட் ஆகும்போது அந்த கார்ட்ரிட்ஜையும் கொண்டு வருவாங்க, ஊசி தீந்துபோச்சுன்னு அதுலேருந்து சிரிஞ்ச்ல உறிஞ்சற பழக்கம் சில இடத்துல இருக்கு, அதை கண்டா அன்னைக்கே நிறுத்துங்க.

ஆர்டர்ல யூனிட்னு முழுசா எழுத சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. வெறும் யூ எழுத்து மட்டும் போட்டா அவசரத்துல அது சுழி மாதிரி விழுந்து 4 யூனிட் 40 ஆயிரும். தசமத்துக்கு அப்பறம் சும்மா சுழி போடறதும் அதே ஆபத்து, 1.0 எழுதினா புள்ளி மங்கி 10ஆ தெரியும். 0.5ன்னு முன்னாடி சுழி கட்டாயம் வேணும்.

அப்பறம் சாப்பாடு. ரெகுலர் இன்சுலின் போட்டா அரைமணில சாப்பிடணும். ஊசி போடறதுக்கு முன்னாடி "சாப்பாடு வந்துருச்சா?"ன்னு கேக்காத, தட்டை கண்ணால பாரு. வெறும் வயித்துல ஸ்கேனுக்கு போக வேண்டிய பேஷண்டான்னும் பாரு.

11 ஜூலை, காலை 7:10

மொத நாள் எழுதினதுல ஒண்ணு சேக்கணும். லோட் பண்ணினத வாங்காதன்னு ஒரே போடா போட்டேன். இதயம் நின்னு போற கார்டியாக் அரெஸ்ட்ல அது நடக்காது, ஒருத்தர் உறிஞ்சி நீட்டுவாங்க, இன்னொருத்தர் போடுவாங்க, அதுதான் முறை. ஆனா அங்க வாய் பேசணும். டாக்டர் "அட்ரினலின் ஒன் எம்ஜி"ங்கறார், உறிஞ்சறவங்க "அட்ரினலின் ஒன் எம்ஜி"ன்னு சொல்லிகிட்டே குடுக்கறாங்க, போடறவங்க "அட்ரினலின் ஒன் எம்ஜி ஐவி போட்டாச்சு, 10:42"ன்னு சத்தமா சொல்றாங்க, எழுதறவங்க எழுதறாங்க. உடைச்ச ஆம்பியூல் அத்தனையும் ஒரே கிட்னி ட்ரேல போடுங்க, தூக்கி எறியாதீங்க, எல்லாம் முடிஞ்சப்பறம் எண்ணி ரெக்கார்டோட ஒத்துப்பாக்கணும். ஸ்டூடன்டா இருந்தா அந்த எழுதற வேலையை கேட்டு வாங்கிக்கோ, கத்துக்கறதுக்கு அதை விட நல்ல இடம் கிடையாது.

ஃபோன்ல ஆர்டர் வாங்கும்போதும் இதேதான், திருப்பி சொல்லணும். நம்பர இங்கிலீஷ்ல சொல்றதால ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதுல ஒண்ணாத்தான் விழும். "ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா டாக்டர்?"ன்னு கேளு, எரிச்சல் பட்டாலும் பரவால்ல.

14 ஜூலை, மாலை 4:48

பொட்டாசியம். இதை தனியா எழுதறேன், இழையிலேயே இது ஒண்ணை மட்டும் படிச்சாலும் போதும்.

பொட்டாசியம் குளோரைடு 10 எம்எல் ஆம்பியூல்ல 20 எம்ஈக்யூ (பொட்டாசியத்த அளக்கற அலகு) இருக்கு. பிளாஸ்டிக் ஆம்பியூல், டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் பக்கத்துல வச்சா தூரத்துலேருந்து வித்தியாசம் தெரியாது. ஆன்டிபயாட்டிக் பவுடர டிஸ்டில்டு வாட்டர்னு நெனச்சு இதுல கலக்கி போட்டா இதயம் நின்னுரும். அதனால ரெண்டும் ஒரே ட்ராயர்ல இருக்கவே கூடாது. நீ போஸ்டிங் போற வார்டுல ஒண்ணா இருந்தா, ஸ்டூடன்டா இருந்தாலும் சிஸ்டர்கிட்ட சொல்லி பிரிச்சு வைக்க சொல்லு, சிவப்பு எழுத்துல பேர் ஒட்டு.

நேரடியா ஐவில, அதாவது நரம்புல, சிரிஞ்ச வச்சு தள்ளற புஷ் கிடையாது, எந்த சூழ்நிலையிலும் கிடையாது. பாட்டில்ல கலந்து மெதுவாத்தான். சாதாரண வார்டுல கை நரம்பு வழியா மணிக்கு 10 எம்ஈக்யூக்கு மேல போகக்கூடாது, அப்படின்னா ஒரு ஆம்பியூல் 500 எம்எல்ல கலந்தா குறைஞ்சது ரெண்டு மணிநேரம். யூரின் போகுதான்னு பாக்காம ஆரம்பிக்காத.

இப்ப சொல்றத நிறைய பேர் கவனிக்கறதில்ல. ஸ்டாண்ட்ல தொங்கிட்டு இருக்கற பாட்டில்லயே கீழ ஊசிய குத்தி பொட்டாசியத்த ஏத்துவாங்க. அது கலக்காது. கனமா இருக்கறதால பாட்டில் வாய்ப்பக்கமே தங்கி, முதல்ல இறங்கற சொட்டுல கெட்டியா அதுதான் போகும், பேஷண்ட் "கை எரியுது எரியுது"ன்னு கத்துவாங்க, நாம "அப்படித்தான் இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு போயிருவோம். பாட்டில கழட்டு, கிளாம்ப மூடு, மருந்த ஏத்து, தலைகீழா நாலஞ்சு தடவை புரட்டு, லேபிள் ஒட்டு, அப்பறம் மாட்டு.

14 ஜூலை, இரவு 9:25

ட்ரிப் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு ஓடணும்ங்கற கணக்கு கேட்டது: மொத்த எம்எல்லை செட்டோட சொட்டு எண்ணிக்கையால பெருக்கி நிமிஷத்தால வகு. 500 எம்எல், 4 மணிநேரம், ஒரு எம்எல்லுக்கு 20 சொட்டு செட்னா 500 பெருக்கல் 20 வகுத்தல் 240, கிட்டத்தட்ட 42 சொட்டு. மைக்ரோ செட் 60 சொட்டு. 20ன்னு மனப்பாடமா வச்சுக்காதீங்க, 15 சொட்டு செட்டும் வருது, அதுல இதே கணக்கு 31தான். கவர்ல அச்சடிச்சிருக்கும். செட் பண்ணிட்டு போயிராம கால்மணி கழிச்சு வந்து திரும்ப எண்ணு, கையை மடக்கினாலே வேகம் மாறும்.

18 ஜூலை, இரவு 10:10

"மருந்துக்கு மருந்து ஒத்துக்காதது எல்லாத்தையும் எப்படி ஞாபகம் வைக்கறது"ன்னு. எல்லாத்தையும் வைக்க முடியாது. வார்டுல ஓடற இருவது மருந்துக்கு ஒரு சின்ன நோட்டு போடு, பாக்கெட்ல வை. என் நோட்டுல முதல் பக்கத்துல இருந்தது: ஃபினிட்டாயின் நார்மல் சலைன்ல மட்டும், டெக்ஸ்ட்ரோஸ்ல கலந்தா வெள்ளையா திரியும், நிமிஷத்துக்கு 50 எம்ஜிக்கு மேல கூடாது. செஃப்ட்ரியாக்சோன ரிங்கர் லாக்டேட்ல கலக்காத, கால்சியம் இருக்கு. வான்கோமைசின் ஒரு மணிநேரத்துக்கு குறையாம, அவசரப்பட்டா முகம் கழுத்தெல்லாம் செவந்துரும். டிகாக்சினுக்கு முன்னாடி மார்புல ஸ்டெத் வச்சு முழு ஒரு நிமிஷம் எண்ணு, 60க்கு கீழன்னா குடுக்காம டாக்டர்கிட்ட சொல்லு.

ஒத்துக்குதான்னு பாக்க முதல்ல துளி மருந்து போடற டெஸ்ட் டோஸ் பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. டெஸ்ட் டோஸ்ல ஒண்ணும் ஆகலன்னா முழு டோஸ்லயும் ஆகாதுன்னு அர்த்தமில்ல. அதை விட முக்கியம் போடறதுக்கு முன்னாடி கேக்கறது. "அலர்ஜி இருக்கா?"ன்னா இல்லன்னு சொல்லிருவாங்க. "இதுக்கு முன்னாடி எந்த ஊசி, மாத்திரையாச்சும் ஒத்துக்காம போயிருக்கா? அரிப்பு, தடிப்பு, மூச்சு முட்டினது?"ன்னு கேளு, அப்பத்தான் கதை வெளிய வரும். முதல் டோஸ் போட்டுட்டு பக்கத்துலயே இரு. உயிருக்கே ஆபத்தான அலர்ஜி, அனாஃபிலாக்ஸிஸ் வந்தா பெரியவங்களுக்கு அட்ரினலின் 0.5 எம்ஜி, தொடையோட வெளிப்பக்கம், தசையில. ஆம்பியூல் எந்த ட்ரேல இருக்குன்னு டூட்டி ஏறின உடனே பாத்து வச்சுக்கணும், அப்போ போய் தேடக்கூடாது.

21 ஜூலை, காலை 11:00

ஐசியூ தம்பி திரும்ப வந்து நல்ல ஒரு விஷயம் எழுதியிருக்கார், பேஷண்டோட பொண்ணு "எப்பவும் மஞ்சள் மாத்திரைதான் குடுப்பீங்க, இன்னைக்கு ஏன் வெள்ளை?"ன்னு கேட்டாங்களாம், கம்பெனி மாறியிருக்கும்னு சொல்ல வாய் எடுத்துட்டு போய் பாத்தா அது பக்கத்து பெட் மாத்திரையாம்.

இதுக்காகவே இந்த இழை எழுதினது வீண் போகல. பேஷண்டோ கூட இருக்கறவங்களோ "இது வேற மாதிரி இருக்கே", "இப்பத்தானே ஒரு ஊசி போட்டாங்க", "எனக்கு சுகரே இல்லையே"ன்னு சொன்னா, கை அந்த இடத்துலயே நிக்கணும். நூத்துல தொண்ணூறு தடவை ஒண்ணும் இருக்காது, கம்பெனிதான் மாறியிருக்கும். இருந்தாலும் கேஸ் ஷீட்ட போய் பாத்துட்டு வந்து காரணத்த சொல்லு. "உங்களுக்கு என்னம்மா தெரியும்"னு ஒரு தடவை சொல்லிட்டோம்னா அவங்க அடுத்த தடவை வாயே திறக்க மாட்டாங்க. படிக்காதவங்கதான், ஆனா தன் உடம்புக்குள்ள தினம் என்ன போகுதுன்னு நம்மள விட நல்லா பாத்து வச்சிருப்பாங்க.

21 ஜூலை, மதியம் 1:35

அமெரிக்க கேஸ பத்தி கேட்டிருக்கீங்க. 2017 டிசம்பர்ல ஸ்கேனுக்கு போன ஒரு வயசான அம்மாவுக்கு பதட்டம் குறைய மிடாசோலம் போட சொல்லியிருக்காங்க. அதோட பிராண்ட் பேர் வெர்செட். நர்ஸ் மருந்து மெஷின்ல முதல் ரெண்டு எழுத்த தட்டி, மெஷினோட தடுப்ப தாண்டி ஓவர்ரைடு பண்ணி எடுத்தது வெக்குரோனியம். அது தசையெல்லாம் செயலிழக்க வைக்கற மருந்து, மூச்சு நின்னுரும். அந்த அம்மா இறந்துட்டாங்க. 2022 மார்ச்ல நர்ஸ் குற்றவாளின்னு தீர்ப்பு, மே மாசம் மூணு வருஷ ப்ரொபேஷன்.

அவங்கள கோர்ட்டுக்கு இழுத்தது சரியா தப்பான்னு இங்க பெரிய சண்டையே ஓடுது. என் கருத்து, தப்பை ஒத்துக்கிட்டவங்கள ஜெயிலுக்கு அனுப்பற மாதிரி பயமுறுத்தினா அடுத்தவங்க மறைப்பாங்க, அதுல சாகறது இன்னொரு பேஷண்ட். ஆனா ஸ்டூடன்ட்ஸ் பாக்க வேண்டியது வேற. மிடாசோலம் திரவமா இருக்கும், வெக்குரோனியம் பவுடர், தண்ணி விட்டு கரைக்கணும். மூடியிலயே எச்சரிக்கை எழுதியிருக்கும். வழக்கமா கரைக்க தேவையில்லாத மருந்த ஏன் கரைச்சுட்டு இருக்கோம்னு தோணின அந்த இடத்துலதான் நிக்கணும். ஒரு டோஸுக்கு ஆறு ஆம்பியூல் உடைக்க வேண்டி வருதா, நாலு மாத்திரை வெட்ட வேண்டி வருதா, கணக்கு எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம்.

27 ஜூலை, இரவு 9:50

தப்பா போட்டாச்சுன்னா என்ன பண்றதுன்னு பேர் போடாம ஒரு பிள்ளை கேட்டிருக்கு. உடனே சொல்லணும். ட்ரிப் ஓடிட்டு இருந்தா நிறுத்து, வென்ஃப்ளானை எடுக்காத, மாத்து மருந்து போட அது வேணும். பல்ஸ், பிபி, மூச்சு, ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் பாரு, ஆம்பியூல பத்திரமா வை, டூட்டி டாக்டரையும் ஸ்டாஃபையும் கூப்பிட்டு என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு அப்படியே சொல்லு. கேஸ் ஷீட்ல நடந்தத மட்டும் எழுது. நான் பாத்த வரைக்கும் பத்து நிமிஷத்துல சொன்ன பிள்ளைங்களோட பேஷண்ட் நடந்து வீட்டுக்கு போயிருக்காங்க. திட்டு விழும், ரெண்டு நாள் அழுவ, அது போயிரும். கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்ஸ் யாராச்சும் இதை படிச்சா ஒண்ணு கேட்டுக்கறேன், வந்து சொன்ன பிள்ளையை வார்டு நடுவுல நிக்க வச்சு கத்தாதீங்க, மத்த பிள்ளைங்களும் பாத்துட்டு இருக்கும்.

அதே மாதிரி, போடறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் டிக் போட்டு கையெழுத்து போட்டு வைக்கற பழக்கம். வேண்டாம். பேஷண்ட் வாந்தி எடுத்திருப்பாங்க, வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க, ஸ்கேனுக்கு போயிருப்பாங்க, கையெழுத்து மட்டும் குடுத்தாச்சுன்னு நிக்கும். அடுத்த ஷிஃப்ட் அதை நம்பும்.

3 ஆகஸ்ட், மாலை 6:30

லேபர் வார்டு போஸ்டிங் போற ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) பிள்ளைங்க, கர்ப்பிணிகளுக்கு பிரஷர்னால வர்ற வலிப்புக்கு போடற மேக்னீசியம் சல்பேட் கலக்கறத கேட்டிருந்தீங்க, தள்ளிப்போயிட்டே இருந்துச்சு. நம்மகிட்ட 50 சதவீத ஆம்பியூல், 2 எம்எல்ல 1 கிராம். ஐவிக்கு 4 கிராம் 20 சதவீதமா வேணும், அதனால நாலு ஆம்பியூல், 8 எம்எல், அதோட 12 எம்எல் டிஸ்டில்டு வாட்டர், மொத்தம் 20 எம்எல், மெதுவா, டாக்டர் பக்கத்துல இருக்கும்போது. அப்பறம் தசையில ஒவ்வொரு இடுப்புலயும் 5 கிராம், அது 50 சதவீதத்துலயே, கலக்கறதில்ல. இந்த ரெண்டையும் குழப்பிக்கறதுதான் ஜாஸ்தி, அதனால ரெண்டு சிரிஞ்சையும் ஒரே நேரத்துல லோட் பண்ணி வைக்காதீங்க, ஐவி முடிச்சுட்டு ஐஎம் லோட் பண்ணுங்க. நாலு மணிநேரத்துக்கு ஒருதரம் அடுத்த டோஸுக்கு முன்னாடி முட்டி ரிஃப்ளெக்ஸ் இருக்கா, மூச்சு நிமிஷத்துக்கு 16க்கு குறையலையா, யூரின் மணிக்கு 30 எம்எல்லாச்சும் வந்திருக்கா, மூணையும் பாருங்க. ஒண்ணு இல்லன்னாலும் அடுத்த டோஸ் போடாம டாக்டர கூப்பிடணும். மேக்னீசியம் ஜாஸ்தியானா அதுக்கு மாத்து மருந்து கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 எம்எல் ஆம்பியூல், சிரிஞ்சோட அந்த கட்டில் பக்கத்துலயே இருக்கணும், ஸ்டோர்ல இருக்கு, சாவி இன்சார்ஜ்கிட்ட இருக்குங்கற கதை ஆகாது.